மதியம் நின்றுபோகும் சோலார் இன்வெர்ட்டர்: டிரான்ஸ்பார்மரை மாற்றினால் தீருமா?

கேள்வி: கோவையில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். உச்சி வெயிலில் 'ஓவர் வோல்டேஜ்' காட்டி இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. ராத்திரியானால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. தெருவில் ஸ்மார்ட் டிரான்ஸ்பார்மர் வந்தால் சரியாகுமா?

பதில்: ஓரளவு சரியாகும். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஒயரைப் பாருங்கள், பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

3 கிலோவாட் முழுசாக வெளியே போனால் சிங்கிள் ஃபேஸில் சுமார் 12.5 ஆம்பியர். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் 50 மீட்டர் இறங்குகிறது என்றால், போக வர 100 மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் 0.46 ஓம், ஆக மீட்டரில் 250 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டரில் 256 ஆகிவிடும். 10 ஸ்கொயர் எம்.எம். போட்டால் அந்த ஏற்றம் 2 வோல்ட் சொச்சம்தான். இதை எந்த டிரான்ஸ்பார்மரும் சரிசெய்யாது.

மீட்டரிலேயே அதிகமாக இருந்தால் பிரச்சனை தெருவில். சாதாரண டிரான்ஸ்பார்மரிலும் வோல்டேஜை ஏற்றி இறக்க டேப் (காயிலில் வெவ்வேறு இடத்தில் எடுத்த இணைப்பு) உண்டு, ஆனால் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற முடியும். ராத்திரி லோடுக்காகக் கூட்டி வைத்த டேப் மதியமும் அப்படியே இருக்கும், அதன் மேல் தெருவில் உள்ள சோலார் எல்லாம் சேர்ந்து தள்ளுகிறது.

ஜெர்மனியில் இதே தலைவலிதான். அங்கே வீடுகளுக்கு வரும் லோ வோல்டேஜ் லைனில் சோலாரால் ஏறும் வோல்டேஜ் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார்கள், கிராமங்களில் கூரைக்குக் கூரை பேனல் வந்ததும் அது இடிக்க ஆரம்பித்தது. லைன் முழுக்கத் தடிமனான கேபிள் புதைப்பதற்குப் பதிலாக, கரண்ட் ஓடும்போதே தானாக டேப் மாற்றும் டிரான்ஸ்பார்மர்களைச் சில இடங்களில் வைத்தார்கள். ரெகன்ஸ்பர்க்கில் உள்ள ராய்ன்ஹவுசன் நிறுவனம் இதற்கான டேப் சேஞ்சர் செய்கிறது. கூடவே சென்சார், தூரத்திலிருந்து இயக்கும் சுவிட்ச், தகவல் அனுப்பும் கருவி எல்லாம் சேர்ந்தால்தான் தெரு டிரான்ஸ்பார்மர் 'ஸ்மார்ட்' ஆகும். வெறும் மீட்டரும் சிம் கார்டும் மாட்டினால் நடப்பது தெரியும், வோல்டேஜ் மாறாது!

இதிலும் ஒரு சிக்கல். டேப் இறங்கினால் அந்த டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லோருக்கும் இறங்கும், சோலார் இல்லாத கடைசி வீட்டுக்கும்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? வாஷிங் மெஷின், மோட்டாரை மதியத்துக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டரின் வோல்டேஜ் வரம்பை நீங்களே ஏற்றிவிடாதீர்கள். ஒரு வாரம் மதியமும் ராத்திரியும் மீட்டரிலும் இன்வெர்ட்டரிலும் ஒரே நேரத்தில் அளவெடுத்து, லைன் கடைசி வீட்டு அளவையும் சேர்த்து ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். கடைசி வீட்டில் ராத்திரி ரொம்பக் குறைகிறது என்றால் டேப்பை இறக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்பார்மர் கேளுங்கள்.