'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' புத்தகம் சிரிக்க வைத்தது, படம் சோர்வாக்கியது. ஏன்?

கேள்வி இதுதான்: ஃப்ராங்க் மெக்கோர்ட்டின் தன்வரலாற்றைப் படிக்கும்போது அத்தனை சாவுக்கும் பசிக்கும் நடுவிலும் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன், ஆலன் பார்க்கர் 1999இல் எடுத்த படம் சம்பவங்களைப் பெரிதாக மாற்றவில்லை, இருந்தும் பாதியிலேயே மனசு கனத்துக் களைத்துவிட்டது. ஏன் இப்படி?

எனக்கும் அதே அனுபவம்தான். தன்வரலாறுகளைத் திரைக்கதையாக்கும் டிஸ்கஷன்களில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் இந்தப் புத்தகத்தையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். படம் அந்தப் பையனுக்கு நடந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டது, அவன் புத்தியை விட்டுவிட்டது. என் பதில் அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

புத்தகம் படிக்காதவர்களுக்காக நாலு வரி. மெக்கோர்ட் 1930இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். கைக்குழந்தையான தங்கை அங்கேயே இறந்துபோக, அவருக்கு நாலு வயதிருக்கும்போது குடும்பம் அயர்லாந்துக்குத் திரும்பி லிமெரிக் நகரத்துச் சந்துகளில் ஒதுங்கியது. அப்பா கிடைத்த கூலியையும் அரசு தந்த உதவித்தொகையையும் குடித்துத் தீர்த்தார். இரட்டைத் தம்பிகள் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். 19 வயதில் கப்பலேறி அமெரிக்கா போன ஃப்ராங்க், பல வருடங்கள் நியூயார்க் பள்ளிகளில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1996இல் தன் 66ஆம் வயதில்தான் இதை வெளியிட்டார். அடுத்த வருடமே புலிட்சர் பரிசு.

இரட்டையரில் ஒருவனான ஆலிவரைப் புதைக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்து மரங்களில் ஜாக்டா என்கிற சின்னக் காக்கைகள் உட்கார்ந்து கத்துகின்றன. தம்பியை அவற்றோடு விட்டுவிட்டு வர ஃப்ராங்க்குக்கு மனசில்லை, கல்லெடுத்து எறிகிறான். அப்பா தடுக்கிறார்: எறியாதே, அது யாரோ ஒருவருடைய ஆன்மாவாக இருக்கலாம். ஆன்மா என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்கிற எண்ணமும் இல்லை. பெரியவனானதும் பை நிறையக் கல்லோடு வந்து இந்த இடம் முழுக்கச் செத்த ஜாக்டாக்களாகப் போட்டுவிட்டுத்தான் போவேன் என்று மனசுக்குள் கறுவிக்கொள்கிறான். அவன் கோபமெல்லாம் பறவைகள் மேல். துக்கம் படிக்கிற நம்மிடம்தான் வந்து சேர்கிறது. அந்தக் கறுவலைப் படித்ததும் உதடு லேசாக விரியும், அடுத்த நொடி தொண்டை அடைக்கும்.

இதையே கேமரா முன்னால் வைத்தால் என்ன கிடைக்கும்? மழை, ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, கல்லெறிகிற பையன். நாம் அவனை வெளியில் நின்று பார்க்கிறோம், ஐயோ பாவம் என்கிறோம். புத்தகத்தில் நாம் அவனுக்குள்ளேயே இருந்தோம். அங்கே ஐயோ பாவம் என்று சொல்ல ஆளே கிடையாது. அவனுக்கு அது வாழ்க்கை, வேறு வாழ்க்கை அவன் பார்த்ததில்லை.

மெக்கோர்ட் இதை நிகழ்காலத்தில் எழுதியதற்கும் காரணம் இதுதான். 66 வயதுக்காரர் திரும்பிப் பார்த்துப் புலம்பவில்லை. தொடக்கத்துப் பக்கங்களைத் தாண்டியதும் பெரியவரின் குரல் விலகிக்கொள்கிறது, நாலு வயதுப் பையன் நாலு வயதுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறான். அவன் வளர வளர வாக்கியங்களும் வளர்கின்றன. பேச்சுகளுக்கு மேற்கோள் குறிகூடப் போடாததால் அம்மா திட்டுவது, பாதிரியார் அதட்டுவது, பையன் நினைப்பது எல்லாம் ஒரே மூச்சில் ஓடும். படத்தில் அந்த வேலையைப் பெரியவர் ஒருவரின் பின்னணிக் குரல் செய்கிறது. ஆண்ட்ரூ பென்னட் நன்றாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் பெரியவரின் குரல் வந்ததுமே திரையில் நடப்பது பழைய கதையாகிவிடுகிறது. மேலே ஜான் வில்லியம்ஸின் இசை வேறு, எங்கே வருத்தப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அழகான இசை, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இந்தக் கதைக்கு அது பாதியளவு போதும் என்பேன்.

பிறகு அந்த ஈரம். மெக்கோர்ட் குடும்பம் இருந்த மாதிரிச் சந்துகள் லிமெரிக்கில் இடிக்கப்பட்டுவிட்டதால் டப்ளினில் செட் போட்டு எடுத்தார்கள். சுவரில் வழியும் தண்ணீர், சந்துக்கே பொதுவான கழிப்பறை, ஒளிப்பதிவாளர் மைக்கேல் செரசினின் நீலம் கலந்த சாம்பல் வெளிச்சம், எல்லாமே உழைத்துச் செய்தவை. ஆனால் புத்தகத்தில், குளிர்காலத்தில் கீழ்த்தளம் தண்ணீரில் மூழ்கியதும் குடும்பம் மாடிக்குப் போகிறது. அந்த மாடிக்கு இத்தாலி என்று பெயர் வைக்கிறார்கள், கதகதப்பான வெளிநாட்டுக்கு விடுமுறை போகிற மாதிரி. படிக்கும்போது அந்தப் பெயர் முதலில் வந்து நிற்கும், தண்ணீர் பின்னால்தான். திரையில் தண்ணீர் கண்ணை அடைத்துக்கொண்டு நிற்கிறது, இத்தாலி அதில் அமுங்கிப்போகிறது.

எது தப்பிப் பிழைத்தது என்று பார்த்தாலும் இது விளங்கும். ஃப்ராங்க் முதல் நற்கருணை (கிறிஸ்துவின் உடல் என்று கத்தோலிக்கர்கள் நம்பி உண்ணும் அப்பம்) வாங்கிய அன்று பாட்டி வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கொல்லையில் வாந்தி எடுக்கிறான். என் கொல்லையில் கடவுள் கிடக்கிறாரே என்று பாட்டி அலறி, பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துப் போகிறாள். பாதிரியார் கழுவிவிடச் சொல்கிறார். சாதாரணத் தண்ணீரிலா, தீர்த்தத்திலா என்று கேட்டுவர மறுபடி அனுப்புகிறாள். படத்திலும் இது சிரிப்பை வரவழைக்கிறது, ஏனென்றால் இந்த நகைச்சுவை மனிதர்கள் வாயிலிருந்து வருகிறது. எண்ணத்தில் மட்டும் இருந்த நகைச்சுவைதான் செத்துப்போனது. அப்பாவைப் பற்றி ஃப்ராங்க் நினைப்பது அப்படியொன்று: ஒரே கடவுளுக்குள் மூன்று பேர் என்கிற பரிசுத்தத் திரித்துவம் மாதிரி அவருக்குள்ளும் மூன்று பேர், காலையில் பேப்பர் படிப்பவர், இரவில் கதை சொல்பவர், குடித்துவிட்டு வந்து அயர்லாந்துக்காக உயிரைக் கொடுங்கள் என்பவர். அப்பாவாக நடித்த ராபர்ட் கார்லைல் அந்த மூவரையும் தன் முகத்தாலேயே கொண்டுவரப் பார்க்கிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஃப்ராங்க்காக மூன்று பையன்கள் மாறி மாறி நடித்ததால்தான் ஒட்டவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. இதன் திரைக்கதையை பார்க்கரோடு சேர்ந்து எழுதிய லாரா ஜோன்ஸ்தான், 1990இல் நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃப்ரேமின் தன்வரலாற்றை இயக்குநர் ஜேன் கேம்பியனுக்காகத் திரைக்கதையாக்கியவர். அதிலும் மூன்று நடிகைகள், அதிலும் ஏழைக் குடும்பம், அதிலும் சாவுகள். ஆனால் அது தொலைக்காட்சிக்காகப் பகுதிகளாக எடுத்தது, ஒன்றுமே நடக்காத நிமிடங்களுக்கு அதில் இடமிருந்தது. 145 நிமிடத்துக்குள் மெக்கோர்ட்டை அடக்கப் போனால் பெரிய சம்பவங்கள்தான் மிஞ்சும். பெரிய சம்பவம் என்றால் இந்தக் கதையில் சாவு, குடி, பட்டினி. ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் நடுவில் புத்தகத்தில் வருகிற வெட்டிப்பேச்சு, பள்ளிக்கூட அரட்டை, சினிமாப் பைத்தியம் எல்லாம் சுருங்கிவிட்டன. உங்கள் களைப்புக்கு நேரான காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. வீட்டைக் காலி செய்த பிறகு குடும்பம் அம்மாவின் உறவினரான லேமன் வீட்டில் ஒண்டிக்கொள்கிறது. இரவில் அம்மா அவர் படுக்கும் பரணுக்கு ஏறிப்போவது புத்தகத்தில் பையனின் அரைகுறைப் புரிதலோடு வருகிறது, அவன் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற இடைவெளி அதில் இருக்கிறது. அம்மாவாக நடித்த எமிலி வாட்சன் அந்த ஏணியில் ஏறுவதை நாம் கண்ணால் பார்த்துவிட்டால் அது சாட்சியாகிவிடும். அம்மா ஏஞ்சலா 1981இலேயே இறந்துவிட்டார், மறுத்துப் பேச முடியாது. நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் உட்பட லிமெரிக்காரர்கள் பலர் புத்தகத்தின் மேல் கொதித்தது தெரிந்ததுதான். அவர்கள் பக்கம் நியாயம் முழுதாக இல்லை என்றாலும், உயிரோடு இல்லாத தாயைத் திரையில் காட்டும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும்.

ஏழை ஐரிஷ் பால்யத்தைப் படமாக்கவே முடியாதா என்றால், முடியும். ஜிம் ஷெரிடனின் 'மை லெஃப்ட் ஃபுட்' (1989) பாருங்கள். டப்ளின் கொத்தனார் ஒருவரின் மகன் கிறிஸ்டி பிரவுன், மூளை முடக்குவாதத்தால் இடது காலை மட்டுமே ஆட்டக்கூடியவர், 1954இல் எழுதிய புத்தகம் அது. ஷெரிடன் சம்பவங்களைத் தாராளமாக மாற்றினார். பிரவுன் தன் புத்தகத்தில் முதன்முதலாகச் சாக்பீஸால் எழுதுவது 'ஏ' என்ற ஒற்றை எழுத்து. படத்தில் உச்சக் காட்சியாக வருவதோ, தரையில் காலால் எழுதும் 'அம்மா' என்ற முழுச் சொல். உடனே தந்தை அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுக்கடைக்குப் போய், இவன் என் மகன் என்று அறிமுகப்படுத்துகிறார். பிள்ளைகள் நிலக்கரி வண்டியிலிருந்து கரியைச் சாய்த்துக்கொண்டு கூத்தடிக்கிற காட்சியில் அந்த வீட்டுக் குளிரும் தெரியும், குதூகலமும் தெரியும், விளக்கக் குரலே தேவையில்லை. கிறிஸ்டியாக நடித்த டேனியல் டே லூயிஸ், அம்மாவாக நடித்த பிரெண்டா ஃப்ரிக்கர் இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

மெக்கோர்ட்டிடம் திரும்பிப் போக நினைத்தால், படத்தை இன்னொரு முறை போடாதீர்கள். ஒலிப்புத்தகத்தை அவரே தன் குரலில் வாசித்திருக்கிறார். பாட்டியும் பாதிரியாரும் மோதிக்கொள்ளும் அத்தியாயத்திலிருந்து கேட்க ஆரம்பியுங்கள்.