எனக்கு பேஸ் பிடிக்கும். காது அச்சு எடுத்துச் செய்யும் இன்-இயர் மானிட்டரில் எத்தனை டிரைவர் உள்ளதை வாங்கலாம்?

தம்பி, அச்சு எடுக்க நாள் குறிப்பதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். காட்பாடியில் இருக்கிறேன், மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன், பேஸ் (அடி ஒலி) தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும், ஒரு காதுக்கு நான்கு டிரைவர் போதுமா எட்டு வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், எத்தனை என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். இன்-இயர் மானிட்டர் என்பது மேடையில் தன் குரலையும் வாத்தியங்களையும் கேட்கக் காதுக்குள் போடும் கருவி. அதை உங்கள் காதுக்கென்று வார்த்துவிட்டால் வேறு ஒருவர் போட்டுக்கொள்ள முடியாது. பொருத்தம் சரியில்லை என்றால் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். ஒலி பிடிக்கவில்லை என்று சொன்னால் பணம் திரும்பி வராது. ஆகவே உங்கள் காதுக்கு என்ன பிடிக்கிறது என்பதை அச்சுக்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும்.

நான் இதைக் கண்டுபிடிக்காமல் வாங்கியவன். வள்ளிமலைப் பக்கத்துக் கிராமத்தில், திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தேன். முகவீணை ஒரு முழம்கூட இருக்காது. அது எழுப்பும் ஒலி ஊர்க் கோடி வரை போகும். கூடவே கைத்தாளம். அந்தக் காதோடு போய், பத்து நிமிடம் கேட்டுப் பார்த்து, தாளமும் கம்பியும் பளிச்சென்று கேட்ட ஒரு மாடலுக்கு 38,000 ரூபாய் கட்டினேன். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி ஒரு கச்சேரி. நான் கீபோர்டு. மூன்றாவது மணி நேரத்தில் பாடகி உச்சரித்த ஒவ்வொரு ‘ச’வும் ‘ஷ’வும் காதுக்குள் ஊசியாய்க் குத்தியது. பத்து நிமிடத்துக்குப் பிடிப்பது வேறு, மூன்று மணி நேரத்துக்குப் பிடிப்பது வேறு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்போது உங்கள் பேஸுக்கு வருகிறேன். நீங்கள் பேஸ் என்று சொல்வது எது? பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. அது வயிற்றில் உணரும் அதிர்வு. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ‘தோம்’ அதற்கு மேலே. 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஒலிக்குச் சதை கூடும். அதிகமானால் போர்வை போர்த்தியதுபோல் எல்லாம் மங்கிவிடும். முதல் வகையை விரும்பும் ஒருவருக்கு மூன்றாவது வகை பெருத்த மானிட்டரைக் கொடுத்தால், பேஸ் அதிகம் இருந்தும் ஏதோ குறைகிறது என்றுதான் சொல்வார்.

நீங்கள் பாடகர் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு காதையும் விரலால் இறுக அடைத்துக்கொண்டு ‘ஈ’ என்றும் ‘ஊ’ என்றும் நீட்டிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலே அண்டாவுக்குள் பேசியதுபோல் முழங்கும். எலும்பு வழியாக வரும் தாழ்ந்த ஒலி, காது திறந்திருக்கும்போது வெளியே போய்விடுகிறது. அடைத்தால் உள்ளேயே தேங்குகிறது. அச்சு எடுத்துச் செய்யும் கஸ்டம் மானிட்டர் அந்த அடைப்பைத்தான் நேர்த்தியாகச் செய்கிறது. அதாவது நீங்கள் வாய் திறந்தவுடனேயே ஒரு பங்கு பேஸ் இலவசமாக வந்து சேர்ந்துவிடும். அதன்மேல் பேஸ் பெருத்த மாடலையும் வாங்கினால் சுருதி பிடிபடாது. வீட்டில் பாட்டுக் கேட்க உங்களுக்குப் பிடிக்கும் ஒலியும், மேடையில் பாட உங்களுக்குத் தேவைப்படும் ஒலியும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். எதற்கு வாங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்களுக்கு மேடைக்கு என்றால், அடியில் அளவான அழுத்தம், குரல் பகுதி தெளிவு, ‘ச’வும் ‘ஷ’வும் குத்துகிற 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை அடக்கம் என்பதே என் கருத்து.

என் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பாருங்கள். ரப்பர் முனை வைத்த சாதாரண இன்-இயர் ஒன்று போதும். காது முழுதாக அடைபடும் அளவு முனையாகப் பார்த்துப் போடுங்கள். சிறிது காற்று கசிந்தாலும் முதலில் காணாமல் போவது பேஸ்தான். பிறகு போனில் ஒரு ஈக்வலைசரை (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே ஏற்றி இறக்கும் செயலி) திறந்து 60 ஹெர்ட்ஸை 4 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஏற்றி ஒரு நாள், இறக்கி ஒரு நாள். 250-இல் அதேபோல், 3,000-இல், 7,000-இல். எது பிடித்தது, எத்தனை நேரம் கழித்து அலுத்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒத்திகையில் பாடும்போது போட்டுப் பாருங்கள்.

ஒப்பிடும்போது சத்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும். சற்றே உரக்கக் கேட்பது எதுவானாலும் நல்லதாகத் தோன்றும். ஒலி குறையும்போது தாழ்ந்த சுரங்கள் காதுக்கு இன்னும் வேகமாகக் குறைகின்றன என்பதை பிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாகக் கேட்டு பேஸ் போதவில்லை என்று முடிவு செய்துவிட்டு, மேடையில் அதைவிட உரக்க வைத்தால் அதே மானிட்டர் இடிக்கும். மேடையில் வைக்கப்போகும் அளவிலேயே சோதியுங்கள்.

எதைப் போட்டுக் கேட்பது? உங்கள் ஒத்திகைப் பதிவு, தம்புரா, மிருதங்கம். தம்புராவில் ஜீவாளி (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) நன்றாக அமைந்திருந்தால் ஒரு தந்தியிலேயே பல சுரங்கள் அலையலையாக எழுந்து அடங்கும். அந்த அலை மழுங்கிக் கேட்டால் மேல்பகுதி போதவில்லை; தகரம்போல் கேட்டால் மிஞ்சிவிட்டது. மிருதங்க வலந்தலையின் கரும் பூச்சுதான் அதன் மேல்சுரங்களை ஒழுங்குபடுத்திச் சுருதியோடு ஒலிக்க வைக்கிறது என்று சி.வி.ராமன் 1920-இல் எழுதினார். நல்ல மானிட்டரில் அந்த மீட்டின் சுருதியைக் கூடவே முனகிக் காட்ட முடியும். வெறும் தட்டலாகக் கேட்டால் நடுப்பகுதியில் பள்ளம் இருக்கிறது. இந்தச் சோதனையை நான் வேறு எதையும்விட நம்புகிறேன்.

சென்னைக்குப் போய், கடையில் கேட்டுப் பார்க்கக் கொடுக்கும் மாதிரி மானிட்டரைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மாதிரி காதின் வாசலில் நிற்கும். உங்களுக்குச் செய்வது உள்ளே போகும். ஆழம் மாறினால் மேல்பகுதியின் எழுச்சியும் இடம் மாறும். மாதிரியில் ஸ்பாஞ்ச் முனை போட்டிருந்தால் அது மேல்பகுதியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். மாதிரியிலேயே லேசாகக் குத்துகிற மாடலை வாங்க வேண்டாம்.

எதில் செருகப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு திருமண மேடையில் பழைய ஹெட்போன் ஆம்பிளிஃபயரில் என் இரண்டாவது மானிட்டரைச் செருகினேன். போனில் நிறைவாகக் கேட்ட பேஸ் வற்றிப் போயிருந்தது. ஆர்மேச்சர் என்ற மிகச் சிறிய வகை டிரைவர்கள் பல சேர்ந்த மானிட்டரின் மின்தடை சுரத்துக்குச் சுரம் மாறும். செருகும் கருவியின் வெளியீட்டு மின்தடை பெரிதாக இருந்தால் ஒலியின் உருவமே மாறிவிடும். அது மானிட்டரின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சாதாரண ஸ்பீக்கர்போல் இயங்கும் ஒற்றை டைனமிக் டிரைவர் இந்த விஷயத்தில் அதிகம் மாறாது. ஊர் ஊராகப் போய் கிடைத்த கருவியில் செருகுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. நான்கா எட்டா என்ற கேள்விக்கும் இதுவே பதில்: நன்றாக அமைத்த ஒன்றோ இரண்டோ போதும்.

அச்சு எடுப்பதில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். காது மிஷினுக்கு அச்சு எடுக்கும் ஆடியாலஜிஸ்டுகள் வேலூரிலேயே இருக்கிறார்கள். முதலில் அழுக்கு இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். பிறகு நூல் கட்டிய சிறிய ஸ்பாஞ்சை உள்ளே தள்ளுவார்கள். அது செவிப்பறைக்குப் பாதுகாப்பு. இரண்டு கலவையைப் பிசைந்து ஊசிக் குழாயில் அடைத்துச் செலுத்தும்போது காதில் சில்லென்று இறங்கும், மின்விசிறிச் சத்தம் மெல்ல மறையும், உங்கள் மூச்சு மட்டும் கேட்கும். ஐந்து நிமிடம் அசையக் கூடாது. பாடகர் என்பதைச் சொல்லி, பற்களுக்கு நடுவே கட்டை வைத்து வாயைத் திறந்தபடி எடுக்கச் சொல்லுங்கள். தாடை திறந்தால் காதுக்குழாயின் வடிவம் மாறுகிறது, வாய் மூடி எடுத்த அச்சு உச்சஸ்தாயியில் காற்றுவிடும். காது மிஷின் அச்சு பெரும்பாலும் குட்டையாக இருக்கும். உங்களுக்குக் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வேண்டும். அந்த ஆழம்தான் முன்பு சொன்ன முழக்கத்தையும் குறைக்கும். வெளியே எடுத்ததும் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு வளைவும் தெரிய வேண்டும், குமிழியோ பள்ளமோ இருக்கக் கூடாது. இருந்தால் தயங்காமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். காதில் சீழோ, செவிப்பறையில் ஓட்டையோ இருந்திருந்தால் காது மருத்துவரைப் பார்த்த பிறகே இதற்கெல்லாம் போக வேண்டும்.

நம் ஊர் மே மாத வெயிலில் வியர்வை குழாய்க்குள் இறங்கும். கச்சேரி முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

1995-இல் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் அலெக்ஸுக்கு இத்தகைய மானிட்டரைச் செய்து கொடுத்ததே மேடைச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான். நன்றாகப் பொருந்தினால் வெளிச் சத்தம் 20 டெசிபலுக்கு மேல் குறையும். அந்த லாபத்தை வால்யூம் ஏற்றி இழந்துவிடாதீர்கள்: காதுக்குப் பாதுகாப்பான அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம் என்றால், 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம் மட்டுமே. கூட்டத்தின் கைதட்டலைக் கேட்க ஒரு பக்கத்தை மட்டும் கழற்றும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. மீதிக் காதுக்கு ஒலியை ஏற்றத் தோன்றும். அதைச் செய்யவே வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து உங்கள் நோட்டிலிருந்து நான்கு வரி எடுத்து எழுதுங்கள்: எந்த இடத்தில் எத்தனை டெசிபல் ஏற்றினால் பிடித்தது, எங்கே ஏறினால் வலித்தது, எந்தக் கருவியில் செருகுவீர்கள், பாடவா வெறுமனே கேட்கவா. அச்சோடு அந்தத் தாளையும் செய்து தருபவரிடம் கொடுங்கள். இங்கே பதிலாகவும் போடுங்கள், மாடலை அப்போது சேர்ந்து பார்க்கலாம்.