நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தா: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

வணக்கம். 1890 வாக்கில் வட ஆர்க்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவைக் கப்பல் பட்டியலில் 'கோவெண்டர்' என்ற குடும்பப் பெயரில் தேடியும் கிடைக்கவில்லை, அடக்கமான இடமும் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெயரில் தேடினால் கிடைப்பது கடினம். பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். சாதிக்குத் தனிப் பத்தி. குடும்பப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் வரிசை எண் உண்டு. அதுதான் சாவி. அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எண் கிடைத்தால் பட்டியலில் ஜில்லா, தாலுகா, கிராமம், வயது, உயரம், தழும்பு, முதலாளி பெயர் எல்லாம் வரும். வயதை நம்பாதீர்கள், குத்துமதிப்பாக எழுதியது. ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'முனுசாமி'யே 'மூன்சாமி' ஆகியிருக்கும்.

அடக்கத்துக்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தின் இறந்தோர் சொத்துக் கோப்புகள். இணைய அட்டவணையில் கோப்பு எண்ணைக் குறித்து நகல் கேளுங்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், பிறந்த ஊர், இறந்த இடம் இருக்கும். சொத்தில்லாதவருக்குக் கோப்பு இருப்பது அரிது; அப்போது இறப்புச் சான்றிதழ்தான் வழி. இறந்த இடம் தெரிந்ததும் பக்கத்து நகராட்சி இடுகாட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். தோட்டத்திலேயே புதைத்திருந்தால் கல்லே இல்லாமல் போயிருக்கலாம்.