பதில்: சுயேச்சை இயக்குநர் விகிதத்துக்கும் லாபச் சரிக்கட்டலுக்கும் தொடர்பு காணவில்லை

இந்தியப் பட்டியலிட்ட நிறுவனங்களை வைத்து நீங்கள் செய்த ஆய்வில், சுயேச்சை இயக்குநர் (நிர்வாகத்தோடும் நிறுவனர்களோடும் தொடர்பில்லாத இயக்குநர்) விகிதமும் நிர்வாகத்தினரின் பங்குடைமையும் லாபச் சரிக்கட்டலோடு (கணக்கில் லாபத்தை வேண்டியபடி கூட்டிக் குறைத்துக் காட்டுவதோடு) தொடர்பு காட்டவில்லை என்பதற்காக, தரவையே சந்தேகிக்க வேண்டாம். பட்டியலிட்ட நிறுவனங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டமே விதித்திருப்பதால், அந்த விகிதம் நிறுவனங்களுக்கிடையே அதிகம் வேறுபடாமல் இருக்கலாம். அதைவிட, தணிக்கைக் குழுக் கூட்டங்களின் எண்ணிக்கை, உறுப்பினர் வருகை, அவர்களின் கணக்கியல் பயிற்சி ஆகியவற்றை அளவிடுங்கள்.

சுயேச்சை இயக்குநர்கள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு, கணக்கு மோசடியில் சிக்கிய சத்யம் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். புகழ்பெற்ற பேராசிரியர்கள் அமர்ந்திருந்த அதன் இயக்குநர் குழுதான், 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனரின் குடும்ப நிறுவனங்களான மேட்டாஸ் இன்ஃப்ரா, மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ் இரண்டையும் வாங்க ஒப்புதல் அளித்தது. 2009 ஜனவரி 7 அன்று அந்த நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், இல்லாத வங்கி இருப்பு மட்டும் ரூ. 5,040 கோடி என்று ஒப்புக்கொண்டார். நிறுவனர்களின் பங்கு குறைவாக இருந்ததால், செயல்பாடு மோசமெனத் தெரிந்தால் வேறொருவர் நிறுவனத்தைக் கைப்பற்றி உண்மையை வெளிக்கொணர்வார் என்ற அச்சத்தையும் அதே கடிதம் சொல்கிறது.

பங்குடைமையின் விளைவு நேர்கோட்டில் செல்வதில்லை: குறைந்த அளவில் அது பங்குதாரரோடு நலனை இணைக்கலாம், மிகுந்தால் கேள்வி கேட்பாரற்ற நிலையை உண்டாக்கலாம். ஆகவே அதன் வர்க்கத்தையும் (அதை அதனாலேயே பெருக்கிய மதிப்பையும்) சமன்பாட்டில் சேருங்கள். அடகு வைக்கப்பட்ட பங்குகளைத் தனி மாறியாக வையுங்கள். சத்யத்துக்குப் பின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அவற்றை வெளியிடக் கட்டாயப்படுத்தியதால் தரவு கிடைக்கும்.