கலிபோர்னியாவில் தனி வீடுகள் உள்ள தெருவில் மனை வாங்கி, ஃபேக்டரியில் செய்த வீட்டை வைக்கலாமா? சிட்டி தடுக்குமா?

தாராளமாக வைக்கலாம். வீடு ஹட் (HUD, அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை) தரச்சான்று பெற்றிருக்க வேண்டும், நிரந்தர அஸ்திவாரத்தின் மேல் உட்கார வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், ஃபேக்டரியில் செய்தது என்பதற்காக மட்டும் சிட்டியோ கவுண்டியோ மறுக்க முடியாது. கலிபோர்னியா கவர்ன்மென்ட் கோடில் பிரிவு 65852.3. ஆபீசுக்குப் போகும்போது இதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், சென்ட்ரல் வேலியில் ஒரு சின்ன ஊரில் நண்பர் குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர், "மொபைல் ஹோம் எல்லாம் பார்க்கில்தான்" என்று, அதாவது அதற்கென்றே உள்ள மொபைல் ஹோம் குடியிருப்பில்தான் வைக்கலாம் என்று, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சட்டப் பிரிவைக் காட்டி, மேலே உள்ளவரிடம் பேசிய பிறகுதான் விண்ணப்பம் கைக்கு வந்தது. இருக்கிற சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கியவர்கள் இப்படி ஒரு பதிலைக் கேட்டுத் திரும்பிப் போவதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அவர் சொன்ன மொபைல் ஹோம் வேறு, நீங்கள் வாங்கப்போவது வேறு. 1974இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி உருவான கட்டுமானத் தரம் 1976 ஜூன் 15 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் செய்தவைதான் பழைய மொபைல் ஹோம்கள். பின்னால் வந்த வீடுகளில், லாரியில் வரும் ஒவ்வொரு பாகத்தின் வெளிப்புறத்திலும் சிவப்பு உலோகச் சீட்டு அடித்திருப்பார்கள். வீட்டுக்குள்ளே டேட்டா பிளேட் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தக் காற்று மண்டலத்துக்கும் எவ்வளவு கூரைச் சுமைக்கும் செய்த வீடு என்பது அதில் இருக்கும். மலைப்பக்கம், பனி விழும் ஊரில் மனை என்றால் அதைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டை எப்படிக் கட்டுவது என்பதில் சிட்டிக்கு அதிகாரம் இல்லை, அது மத்திய அரசின் கையில். எங்கே வைப்பது என்பது ஜோனிங், அது உள்ளூர் விஷயம். அந்த உள்ளூர் அதிகாரத்துக்குத்தான் மாநிலச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி, பார்க்கிங், குறைந்தபட்சச் சதுர அடி இதெல்லாம் அதே மனையில் சாதாரண வீடு கட்டினால் என்னவோ அதேதான் உங்களுக்கும். தோற்றத்தைப் பற்றி வீட்டுக்கு நிபந்தனை போடுவதென்றால் கூரையின் வெளிநீட்டம், கூரைப் பொருள், வெளிச்சுவர்ப் பொருள் இந்த மூன்றோடு சரி.

பழைய வீட்டை மலிவாக வாங்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். தயாரித்த நாளிலிருந்து அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளுக்குள் 10 ஆண்டுகள் கடந்திருந்தால் சிட்டி மறுக்கலாம். அதையும் இதே பிரிவுதான் அனுமதிக்கிறது. எனவே வீட்டின் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் விலை பேசவே வேண்டாம்.

அஸ்திவாரம் போட்டு முடிந்ததும் 433ஏ படிவம் (வீட்டை அஸ்திவாரத்தில் நிறுவியதற்கான அறிவிப்பு) கவுண்டி ரெக்கார்டரிடம், அதாவது பத்திரப் பதிவு அலுவலரிடம், பதிவாக வேண்டும். அதன் பிறகே வீடும் நிலமும் சேர்ந்து அசையாச் சொத்து. வழக்கமான வீட்டுக் கடன் கேட்கும்போது இது பெரிய வித்தியாசம் தரும்.

சிட்டி சரி என்றாலும் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடு தனி. 1988 ஜனவரி 1 முதல் எழுதப்பட்ட குடியிருப்புக் கட்டுப்பாடுகள், வீட்டை வேறிடத்தில் செய்து கொண்டுவந்தார்கள் என்பதற்காகத் தடை போட முடியாது (சிவில் கோட் 714.5). அதற்கு முந்தைய பத்திரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே டைட்டில் ரிப்போர்ட்டில் (மனையின் உரிமையையும் அதன்மேல் பதிவானவற்றையும் காட்டும் அறிக்கை) கட்டுப்பாடுகள் எந்த ஆண்டு பதிவானவை என்று முதலில் பாருங்கள், பழையதாக இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள்.

வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸில் ஹட் வீட்டுக்கு ஏற்ற பகுதி எது என்று சிட்டியே தீர்மானிக்கலாம். ஆனால் புதிய ஹட் வீட்டுக்கான விண்ணப்பம் கிடைத்த 45 நாளுக்குள் காரணம் சொல்லி எழுத்தில் மறுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். அதனால் விண்ணப்பம் கொடுக்கும்போது தேதி போட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.