கடையின் பெயர் போர்டு எந்த அளவில் வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு எப்படிப் புரியவைப்பது?

அடிக்கணக்கை வாயால் சொன்னால் பலருக்கும் பிடிபடாது. போர்டு வரப்போகும் சுவரிலேயே மாஸ்கிங் டேப்பால் 4×2, 6×3 அடிச் செவ்வகங்களை ஒட்டி, சாலையின் எதிர்ப்புறம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றால் எல்லா போர்டும் பெரிதாகத்தான் தெரியும்.

நேரில் போக முடியாதென்றால், முகப்பை நேரெதிரே நின்று எடுத்த படமும் கதவின் உயரமும் கேட்டு வாங்குங்கள். 7 அடிக் கதவு படத்தில் 700 பிக்சல் என்றால், 6 அடி போர்டு 600 பிக்சல்; அந்த அளவிலேயே படத்தின் மேல் வரைந்து காட்டுங்கள். படம் சாய்வாக இருந்தாலோ, கதவு சுவரைவிட உள்ளே தள்ளி இருந்தாலோ கணக்கு பிசகும்.

உண்மையில் போர்டின் அகலத்தைவிட எழுத்தின் உயரம்தான் முக்கியம். 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என வையுங்கள்; 60 அடிக்கு 6 அங்குலம். ஓர் எழுத்தை மட்டும் அந்த உயரத்தில் தாளில் அச்சிட்டு ஒட்டிக் காட்டினாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.