கோப்பிக்கு முன்னால் இந்த மலையில் யார் நடந்தார்கள்?

கேள்வி: வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டம் போடும்வரை இலங்கையின் மலைநாடு வெறும் காடுதானே? வியாபாரமும் இல்லை, தமிழும் இல்லை. அந்தக் காலத்து வரலாற்றை எங்கள் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?
— வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: மஸ்கெலியாவில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? சிவனொளிபாதமலையின் அடிவாரம் அல்லவா உங்கள் ஊர்!

காடு நிறைய இருந்தது, சரி. ஆனால் அந்தக் காட்டுக்குள் பாதை இருந்தது. 1344ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா மேற்குக் கரையில் புத்தளம் பக்கம் வந்து இறங்குகிறார். வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடக்கின்றன. எதிர்க்கரையான தென்னிந்தியாவின் ஆட்கள் அவற்றைக் காசு கொடுக்காமல் ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு மன்னருக்குத் துணிமணி கொடுக்கிறார்கள். அந்த மன்னர் தமிழர், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி விளங்கியவர். சிவனொளிபாதமலை உச்சியில் ஆதம் நபியின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று விருந்தாளி கேட்டதும் பல்லக்கு கொடுத்தார். வருடா வருடம் மலைக்குப் போய்வரும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், பரிவாரத்தில் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர் என்று கூட்டியும் அனுப்பினார். புத்தர் பாதம் என்று சிங்களவர் கும்பிடும் மலைக்கு ஒரு முஸ்லிமை யோகிகள் வழிகாட்டிக் கூட்டிப்போகிறார்கள். எவ்வளவு அழகான காட்சி!

வழியில் அட்டைக்கடி. தேசிக்காயைத் தயாராக வைத்திருந்து பிழிவார்களாம்; அட்டை விழுந்துவிடும். கடித்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவார்களாம். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும் நம் அம்மாமாருக்கு இந்த அட்டையை நன்றாகத் தெரியும்.

அதற்கும் 200 வருடத்துக்கு மேல் முன்னாலேயே, இந்த மலைக்கு வரும் யாத்திரிகர்களின் சாப்பாட்டுக்கு பொலன்னறுவை மன்னர் முதலாம் விஜயபாகு கிராமம் ஒதுக்கியிருக்கிறார். அவருடைய கல்வெட்டு உங்களுக்குப் பக்கத்து அம்பகமுவையில் இருக்கிறது.

தமிழ் இல்லையா? அதே 1344இல் சிங்கள மன்னரின் கம்பளை ராச்சியத்தில் கடலாதெனிய விகாரையைக் கருங்கல்லில் எழுப்பிய தென்னிந்தியச் சிற்பாசாரியின் பெயர் கணேசுவராச்சாரி. அப்புறம் அதே காலத்து இலங்காதிலக விகாரை. அங்கே பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் எழுதியிருக்கிறது. வாசிக்க ஆளில்லாத மொழியை யாராவது மெனக்கெட்டுக் கல்லில் வெட்டுவார்களா?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தக் கல்லைக் காட்டி, ‘எங்கள் பாட்டன் செதுக்கியது’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம் பாட்டன்மார் 1820களுக்குப் பிறகு, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பித் தோட்டத்து ஆட்கள். இந்த மண்ணில் நமக்குள்ள உரிமை அவர்கள் சிந்திய வியர்வையால் வந்தது. அதற்கு எந்தக் கல்வெட்டும் சாட்சி சொல்லத் தேவையில்லை. கல்வெட்டைப் படிப்பது வேறு காரியத்துக்காக. இந்த மலையில் தமிழைக் கேட்டு யாரும் முகம் சுளிக்காத காலம் ஒன்று இருந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு விகாரைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எழுத்து பழசு, உடனே பிடிபடாது. ஒன்றிரண்டையாவது அவர்களே கண்டுபிடிக்கட்டும்.